நீட்சியா, ஏபிஐயா? வணிக மென்பொருள்களை இணைக்கும் முன் செய்ய வேண்டிய பிரிப்பு

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு விற்கும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் விற்பனைப் பிரிவு, வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனையையும் நிர்வகிக்கும் ஜோஹோ சிஆர்எம்மில் வேலை செய்கிறது. கணக்குப் பிரிவு பல ஆண்டுகளாக டேலியில்தான் இருக்கிறது, இப்போது டேலிபிரைம். உதிரி பாகங்களை வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்க ஷாப்பிஃபை என்ற இணையக் கடைத் தளத்தில் ஒரு கடையும் உண்டு. மூன்றும் தனித்தனியே நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனால் ஒன்றில் இருக்கும் தகவலை இன்னொன்றில் மறுபடியும் தட்டச்சு செய்வதற்கென்றே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மூன்றையும் இணைத்துத் தரும் பொறுப்பு ஒரு நிரலாளரிடம் வருகிறது.

முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வி எழும். இதை ஜோஹோவுக்குள் ஒரு எக்ஸ்டென்ஷனாக, அதாவது நீட்சியாக எழுதிவிடலாமா, அல்லது நமக்கென்று ஒரு சர்வர் வைத்துக்கொண்டு ஏபிஐ வழியாக, அதாவது ஒரு மென்பொருள் வெளி நிரல்களுக்கென்று திறந்து வைத்திருக்கும் வாசல் வழியாகச் செய்யலாமா? இந்தக் கேள்வி அந்த இடத்தில் அவசரமானது என்பது என் கருத்து. முழுத் திட்டத்துக்கும் ஒரே விடையைத் தேடினால், நீட்சிக்குப் பொருந்தாத வேலைகளை நீட்சிக்குள் திணிக்கவோ, திரையில் இருக்க வேண்டிய வேலைகளைத் தொலைவில் ஒரு சர்வரில் வைக்கவோ நேரும். திட்டத்தை முதலில் வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் அதே கேள்வியைக் கேட்டால் விடை பெரும்பாலும் குழப்பமில்லாமல் கிடைத்துவிடும்.

இரண்டின் இயல்பு

நீட்சித் தளம் என்பது நம் நிரல் இன்னொரு மென்பொருளுக்குள் குடியேறி இயங்குவதற்கான ஏற்பாடு. ஜோஹோவில் டெலூஜ் மொழியில் எழுதும் செயற்கூறுகளும், சிக்மா தளத்தின் வழியே உருவாக்கும் விட்ஜெட்டுகளும் (திரைக்குள் அமரும் சிறு பகுதிகள்) இந்த வகை. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற இன்னொரு சிஆர்எம்மின் ஏபெக்ஸ், ஷாப்பிஃபையின் ஃபங்ஷன்ஸ், டேலியின் டிடிஎல் ஆகியவையும் இதே வகைதான். நிரல் இயங்கும் கணினி, உள்நுழைந்திருக்கும் பயனர், அவருக்கு உள்ள உரிமைகள், திரை எல்லாவற்றையும் அந்தத் தளமே தருகிறது. பதிலுக்கு எவ்வளவு நேரம் இயங்கலாம், எத்தனை முறை தரவைக் கேட்கலாம், வெளியுலகைத் தொடர்புகொள்ளலாமா கூடாதா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

ஏபிஐ வழியில் நிரல் நம் இடத்தில் இயங்குகிறது. மற்ற மென்பொருள்களிடம் கேட்டுப் பெறுகிறது, எழுதச் சொல்கிறது. எந்த மொழியில் எழுதுவது, எவ்வளவு நேரம் ஓட விடுவது, தோல்வியடைந்தால் எத்தனை முறை திரும்ப முயல்வது என்பதெல்லாம் நம் கையில். ஆனால் சர்வர் நள்ளிரவில் நின்றுபோனால் எழுந்து பார்க்க வேண்டியவரும் நாம்தான்.

வேலைகளை எழுதி வைப்பது

நம் பம்பு நிறுவனத்தின் தேவைகளை ஒரு தாளில் எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும். விற்பனைப் பிரதிநிதி சிஆர்எம்மில் ஒரு டீலரின் பக்கத்தைத் திறந்தால், அந்த டீலர் டேலியில் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பது அங்கேயே தெரிய வேண்டும். பாக்கி கடன் வரம்பைத் தாண்டியிருந்தால் புதிய ஆர்டரை உறுதிசெய்ய விடக் கூடாது. ஷாப்பிஃபையில் வரும் ஒவ்வொரு ஆர்டரும் டேலியில் விற்பனை வவுச்சராகப் பதிவாக வேண்டும். டேலியில் இருக்கும் சரக்கு இருப்பு ஷாப்பிஃபை கடையில் சரியாகத் தெரிய வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான்கு குறிப்புகளை எழுதிக்கொள்ளுங்கள். அந்த வேலை நடக்கும்போது திரைக்கு முன்னால் ஒருவர் காத்திருக்கிறாரா? அது பதிவு சேமிக்கப்படுவதற்கு முன்பே நடந்தாக வேண்டுமா, பின்னர் நடந்தாலும் போதுமா? ஒரு நாளில் எத்தனை பதிவுகள் அதன் வழியே போகும்? அது தோற்றுப்போனால் யாருக்கு, எவ்வளவு நேரத்தில் தெரிய வேண்டும்? இவற்றில் கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் அதிகச் செலவு வைப்பதும் அதுதான்.

திரையில் காட்டும் வேலை

பாக்கியைக் காட்டும் வேலைக்கு நீட்சியே பொருத்தம். பிரதிநிதி இன்னொரு இணையப் பக்கத்தைத் திறந்து, அங்கே மறுபடி உள்நுழைந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு வாரம் பார்ப்பார், பிறகு தொலைபேசியில் கணக்குப் பிரிவைக் கூப்பிடத் தொடங்கிவிடுவார். டீலர் பக்கத்திலேயே ஒரு விட்ஜெட் அமர்ந்தால் அது இயல்பான வேலையின் பகுதியாகிவிடுகிறது.

ஆனால் அந்த விட்ஜெட் எங்கிருந்து தரவை எடுக்கும்? பல அலுவலகங்களில் டேலி ஓர் அறையில் இருக்கும் கணினியில்தான் ஓடுகிறது. அது எச்டிடிபி வழியாக எக்ஸ்எம்எல் கோரிக்கைகளை ஏற்று விடை தரும். வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் அந்தக் கதவு திறந்திருக்கும். டேலி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், உரிய கம்பெனி ஏற்றப்பட்டிருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். விட்ஜெட் இணையத்திலிருந்து நேராக டேலியைக் கேட்கட்டும் என்று நினைத்து அந்த போர்ட்டை ரவுட்டரில் வெளியுலகுக்குத் திறந்துவிடுவது மிகப் பெரிய பிழை; நிறுவனத்தின் முழுக் கணக்கும் இருக்கும் அறையின் கதவை வீதியைப் பார்க்கத் திறந்து வைப்பதற்குச் சமம் அது. எந்த அவசரத்திலும் இதைச் செய்யாதீர்கள்.

சரியான வழி, அதே அலுவலக வலையமைப்புக்குள் ஒரு சிறிய நிரலை ஓடவிடுவது. அது குறிப்பிட்ட இடைவெளியில் டேலியைக் கேட்டு, மாறிய பதிவுகளை மட்டும் எடுத்து, வெளியே இருக்கும் நம் தரவுத்தளத்துக்கு அனுப்பும். இணைப்பு உள்ளிருந்து வெளியே போவதால் எந்தக் கதவையும் திறக்க வேண்டியதில்லை. மாறியவை எவை என்று அறிய டேலியே ஒரு வழி வைத்திருக்கிறது: ஒவ்வொரு பதிவுக்கும் ஆல்டர் ஐடி என்ற எண் உண்டு, பதிவு திருத்தப்படும்போதெல்லாம் அது உயரும். கடைசியாகப் பார்த்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டவற்றை மட்டும் கேட்டால் போதும். விட்ஜெட் நம் தரவுத்தளத்திலிருந்து படித்து, எத்தனை மணிக்கு எடுத்த தகவல் என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். நேரம் குறிப்பிடாத பாக்கித் தொகை, டீலரோடு தேவையில்லாத மனக்கசப்பை உண்டாக்கும்.

ஆக, நீட்சி என்று நாம் முடிவு செய்த வேலைக்குள்ளேயே ஏபிஐ வேலையும் இருக்கிறது. பெரும்பாலான உண்மையான இணைப்புகள் இப்படித்தான் அமைகின்றன: திரையில் மெல்லிய ஒரு நீட்சி, பின்னால் கனமான வேலையைச் செய்யும் நம் சொந்தச் சேவை. நீட்சி எவ்வளவு மெலிதாக இருக்கிறதோ, அந்தத் தளம் மாறும்போது நாம் மாற்றி எழுத வேண்டியதும் அவ்வளவு குறையும்.

தடுக்கும் வேலை

கடன் வரம்பைத் தாண்டினால் ஆர்டரை நிறுத்துவது வேறு வகை. இது சேமிப்பதற்கு முன் நடக்க வேண்டும். வெளியே இருக்கும் ஒரு சர்வர், சேமித்த பிறகு வெப்ஹுக் (ஒரு நிகழ்வு நடந்ததும் மென்பொருள் தானாக அனுப்பும் அறிவிப்பு) வழியாகச் செய்தி பெற்றுத் தவறைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்குள் பிரதிநிதி டீலரிடம் "ஆர்டர் உறுதியாகிவிட்டது" என்று சொல்லியிருப்பார். முன்கூட்டியே தடுக்கும் எந்த விதியும் அந்த மென்பொருளுக்குள்தான் இருந்தாக வேண்டும்.

இங்கே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, எந்த அடுக்கில் தடுக்கிறோம் என்பது. ஜோஹோ சிஆர்எம்மில் கிளையன்ட் ஸ்கிரிப்ட் என்ற வசதி பயனரின் உலாவியில் இயங்குகிறது. திரையில் ஒருவர் மதிப்பை மாற்றும்போது உடனே எச்சரிக்க அது அருமையான கருவி. ஆனால் ஏபிஐ வழியாக ஒரு பதிவு நுழைந்தால் அங்கே உலாவியே இல்லை, ஆகவே அந்த ஸ்கிரிப்ட்டும் ஓடாது. சேல்ஸ்ஃபோர்ஸில் ஏபெக்ஸ் டிரிகராக, அதாவது பதிவு சேமிக்கப்படும்போது தானாக இயங்கும் நிரலாக எழுதினால் அது சர்வரில் இயங்குவதால், பதிவு திரை வழியே வந்தாலும் ஏபிஐ வழியே வந்தாலும் பொருந்தும். உங்கள் விதி பயனருக்கு உதவும் நினைவூட்டலா, யாரும் மீற முடியாத கட்டுப்பாடா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டு அதற்கேற்ற அடுக்கைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது கண்ணி, விதிக்குத் தேவையான தரவு எங்கே இருக்கிறது என்பது. சேமிக்கும் அந்த நொடியில் வெளியே ஒரு சர்வரைக் கேட்டு விடை பெற்று முடிவெடுக்கலாம் என்று தோன்றும். சேல்ஸ்ஃபோர்ஸ் டிரிகருக்குள்ளிருந்து அப்படிக் காத்திருந்து வெளி அழைப்பு செய்ய அனுமதிப்பதே இல்லை. ஷாப்பிஃபை ஃபங்ஷன்ஸும் வெளித்தொடர்பு இல்லாத ஒரு மூடிய சூழலில், தனக்குக் கொடுக்கப்பட்ட உள்ளீட்டை மட்டும் வைத்துத்தான் பொதுவாக முடிவெடுக்கின்றன. இவை வெறும் கெடுபிடிகள் அல்ல. ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு தளத்தில், யாரோ ஒருவரின் மெதுவான சர்வருக்காகத் தரவுத்தளம் பூட்டிக் கிடக்கக் கூடாது என்பதற்காக வைத்தவை. எந்தத் தளமாக இருந்தாலும் நாமும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிப்பது நல்லது. பாக்கித் தொகையை முன்கூட்டியே டீலர் பதிவின் ஒரு புலத்தில் ஏபிஐ வழியாக எழுதி வைத்துவிட வேண்டும். தடுக்கும் விதி பக்கத்தில் இருக்கும் அந்தப் புலத்தை மட்டும் படித்து முடிவெடுக்க வேண்டும்.

ஆர்டரைக் கணக்கில் ஏற்றும் வேலை

மூன்றாவது வேலையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஷாப்பிஃபை ஆர்டர் டேலி வவுச்சராவதற்கு எந்தத் திரையும் தேவையில்லை, யாரும் காத்திருக்கவில்லை, ஆனால் ஒன்றுகூடத் தவறக் கூடாது. ஒன்றுகூட இரண்டு முறை பதியவும் கூடாது. இது முழுக்க முழுக்க ஏபிஐ வேலை.

ஷாப்பிஃபை ஓர் ஆர்டர் வந்ததும் நம் முகவரிக்கு வெப்ஹுக் அனுப்பும். ஐந்து நொடிக்குள் நாம் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லாவிட்டால் அதைத் தோல்வியாகக் கருதி மீண்டும் அனுப்பும். ஆகவே வெப்ஹுக்கைப் பெறும் நிரல் அந்த இடத்திலேயே டேலியோடு பேசத் தொடங்கக் கூடாது. வந்த செய்தி உண்மையிலேயே ஷாப்பிஃபையிடமிருந்து வந்ததா என்பதைத் தலைப்பில் உள்ள கையொப்பத்தைக் கணக்கிட்டுச் சரிபார்த்து, வரிசையில் போட்டுவிட்டு, உடனே பதில் சொல்லிவிட வேண்டும். வரிசையிலிருந்து எடுத்து டேலிக்கு அனுப்புவது இன்னொரு நிரலின் வேலை. இரவில் அலுவலகக் கணினியை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். காலையில் அதைப் போட்டதும் காத்திருந்த ஆர்டர்கள் ஒவ்வொன்றாக உள்ளே போகும்.

ஒரே செய்தி இரண்டு முறை வரலாம் என்பதையும், முன்னால் நடந்த நிகழ்ச்சி பின்னால் வந்து சேரலாம் என்பதையும் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டு எழுதுங்கள். ஷாப்பிஃபையின் ஆர்டர் அடையாள எண்ணை உங்கள் தரவுத்தளத்தில் தனித்தன்மை வாய்ந்த சாவியாக வைத்து, அதற்குரிய டேலி வவுச்சர் ஏற்கெனவே உருவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். டேலியின் பதிலையும் முழுமையாகப் படிக்க வேண்டும். உருவாக்கப்பட்டவை எத்தனை, திருத்தப்பட்டவை எத்தனை, பிழைகள் எத்தனை என்ற எண்ணிக்கைகள் அந்த எக்ஸ்எம்எல்லுக்குள்தான் இருக்கும். கோரிக்கை போய்ச் சேர்ந்தது என்பதையே வெற்றி என்று எடுத்துக்கொண்டால், ஒரு லெட்ஜர் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் விழாமல் போன வவுச்சர்கள் மாதக் கடைசியில்தான் தெரியவரும். சோதனை செய்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: உரிமம் இல்லாமல் பழகிப் பார்ப்பதற்கான டேலியின் கல்விப் பயன்முறையில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே வவுச்சர் பதிய முடியும் என்பதால், மற்ற தேதிகளில் அனுப்பிய சோதனை வவுச்சர்கள் ஏற்கப்படாததைக் கண்டு உங்கள் நிரலில் பிழை தேட வேண்டாம்.

தொகையில் வரும் காசு வித்தியாசமும் சிறிய விஷயம் அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே வரி கணக்கிட்டு முழுமையாக்குவதும், மொத்த பில்லுக்கும் ஒரே தடவை முழுமையாக்குவதும் ஒரே விடையைத் தராது. இரண்டு மென்பொருள்களும் எந்த முறையில் கணக்கிடுகின்றன என்று கணக்காளரோடு உட்கார்ந்து உறுதிசெய்து, வித்தியாசம் எந்த லெட்ஜரில் போக வேண்டும் என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். இதை நிரலாளர் தானாக முடிவு செய்யக் கூடாது.

திருத்தங்களைப் பற்றி ஒரு சட்ட நிலையும் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தின் தடத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஆர்டரில் ஒரு சிறு மாற்றம் வந்ததும் பழைய வவுச்சரை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடும் சோம்பேறித்தனமான முறை, அந்தத் தடத்தை நூற்றுக்கணக்கான அழிப்புகளால் நிரப்பிவிடும். தணிக்கையாளர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் கணக்காளர். டீலர்களுக்குப் போடும் பில்களில் இன்னும் கவனம் தேவை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் ஜிஎஸ்டி மின்-இன்வாய்ஸ் கட்டாயம். மின்-இன்வாய்ஸ் தளத்தில் பதிவான இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாமே தவிர, அங்கே திருத்த முடியாது. ஆகவே சிஆர்எம்மில் ஒருவர் தொகையை மாற்றினால் அது தானாகவே டேலியில் இன்வாய்ஸை மாற்றும்படி இணைப்பை அமைக்கவே கூடாது. அங்கே மனிதர் ஒருவர் பார்த்து, தேவையானால் கிரெடிட் நோட் போட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரவுதோறும் ஓர் ஒப்பீடு ஓட வேண்டும். அன்றைய ஷாப்பிஃபை ஆர்டர்களின் பட்டியலையும் டேலியில் பதிந்த வவுச்சர்களின் பட்டியலையும் எடுத்து, எண்ணிக்கையும் தொகையும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, பொருந்தாதவற்றைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். வெப்ஹுக்கை மட்டும் நம்பக் கூடாது என்று ஷாப்பிஃபையே தன் ஆவணங்களில் நிரலாளர்களுக்கு அறிவுறுத்துகிறது. பழைய ஆர்டர்களையும் சரிபார்க்க வேண்டுமென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரண அனுமதியில் ஒரு செயலி கடைசி 60 நாள் ஆர்டர்களை மட்டுமே பார்க்க முடியும்; அதற்கு முந்தையவற்றுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

இருப்பு

சரக்கு இருப்பும் ஏபிஐ வேலைதான். ஷாப்பிஃபையில் இருப்பை மாற்ற இரண்டு வழிகள் உண்டு: "இனி இது 40" என்று நிர்ணயிப்பது ஒன்று, "இதில் 3 குறை" என்று சொல்வது மற்றொன்று. டேலியிலிருந்து எடுத்த எண்ணை அப்படியே நிர்ணயித்தால், எடுத்ததற்கும் எழுதியதற்கும் இடையில் கடையில் விற்ற இரண்டு பம்பு சீல்கள் மறுபடியும் இருப்புக்கு வந்துவிடும். நாம் கடைசியாகப் பார்த்த எண்ணையும் சேர்த்தனுப்பி, அது மாறாமல் இருந்தால் மட்டும் எழுது என்று கேட்கும் வசதி அந்த ஏபிஐயில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

வரம்புகளைப் படிப்பது

தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் வரம்புகளை உங்கள் எண்ணிக்கையோடு வைத்துக் கணக்கிடுவதைத் தவிர்க்கவே கூடாது. சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு பரிவர்த்தனைக்குள் உடனடியாக இயங்கும் ஏபெக்ஸ் நிரல் 100 முறை தரவைக் கேட்கலாம், 150 முறை எழுதலாம், 10 நொடி சிபியு நேரம் எடுக்கலாம். ஒரு டிரிகருக்கு 200 பதிவுகள் வரை ஒரே தொகுதியாக வரும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கேள்வி என்று எழுதிய நிரல் ஒருவர் ஒரு பதிவைச் சேமிக்கும்போது அழகாக ஓடும். யாராவது 200 பதிவுகளை ஒன்றாக ஏற்றும் நாளில் 101ஆவது கேள்வியில் முழுத் தொகுதியையும் கவிழ்த்துவிடும்.

ஏபிஐயிலும் வரம்புகள் உண்டு, ஆனால் அவற்றின் தன்மை வேறு. ஜோஹோ சிஆர்எம்மில் ஒரே அழைப்பில் 100 பதிவுகள் வரை எழுதலாம், ஒரு பக்கத்தில் 200 வரை படிக்கலாம். ஜோஹோவின் கணக்கு மென்பொருளான ஜோஹோ புக்ஸில் ஒரு நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 100 அழைப்புகள். இவற்றைத் தாண்டினால் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம், ஏனென்றால் நிரல் நம் இடத்தில் ஓடுகிறது. நீட்சியில் வரம்பைத் தாண்டினால் வேலை அங்கேயே முறிகிறது. பயனர் கண் முன்னாலேயே முறிகிறது. ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சுற்றி வரும் எந்த வேலையையும் நீட்சியில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நீட்சியும் ஏபிஐயும் சேர்ந்திருக்கும் இடத்தில் சுழற்சி ஏற்படும் ஆபத்தும் உண்டு. நம் சர்வர் பாக்கித் தொகையை ஜோஹோவில் எழுதுகிறது. பதிவு மாறியதைக் கண்ட ஒரு வொர்க்ஃப்ளோ விதி நம் சர்வரைக் கூப்பிடுகிறது. சர்வர் மறுபடியும் எழுதுகிறது. ஜோஹோ சிஆர்எம் ஏபிஐயில் எழுதும்போது டிரிகர் என்ற அளவுருவை வெறுமையாக அனுப்பினால் வொர்க்ஃப்ளோக்கள் கிளம்பாது; குறிப்பிடாமல் விட்டால் எல்லாம் கிளம்பும். இந்த ஒரு வரியை அறியாமல் ஒரு நாள் முழுவதற்குமான அழைப்பு ஒதுக்கீட்டைச் சில மணி நேரத்தில் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆயுள்

எது எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது தேர்வின் முக்கியமான பகுதி. எல்லாத் தளங்களும் இதில் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ஷாப்பிஃபை மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிய ஏபிஐ பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொரு பதிப்பும் குறைந்தது 12 மாதங்களுக்கு ஆதரிக்கப்படும். அதாவது, ஆண்டுக்கு ஒரு முறையாவது உங்கள் இணைப்பைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் அதன் ரெஸ்ட் நிர்வாக ஏபிஐ பழையதாக அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் புதிய பொதுச் செயலிகள் கிராஃப்க்யூஎல் என்ற மற்றொரு ஏபிஐ முறையில்தான் எழுதப்பட வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸோ 2014இல் வந்த 30.0 பதிப்பை 2025 கோடைக்கால வெளியீடு வரை வைத்திருந்தது. வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகும் நிரலாளர், இந்தப் பராமரிப்புச் செலவை முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நீட்சிகளில் மாற்றம் இன்னும் கடுமையாக வரும். பணம் செலுத்தும் பக்கங்களைத் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ள ஷாப்பிஃபை பிளஸ் கடைகள் பயன்படுத்திவந்த செக்அவுட் லிக்விட் கோப்பு, 2024 ஆகஸ்ட் 13 அன்று முகவரி, அனுப்புகை, கட்டணப் படிகளில் செயலிழந்தது. அதில் எழுதியவற்றைப் புதிய செக்அவுட் நீட்சிகளாக மறுபடி எழுத வேண்டியிருந்தது. சிலவற்றுக்கு நேரடி மாற்று இருக்கவில்லை. ஏபிஐ பதிப்பு மாறும்போது பெரும்பாலும் சில புலங்களின் பெயர்களும் வடிவங்களும் மாறும். நீட்சித் தளம் மாறினால் எழுதிய முறையே மாறலாம். வணிக விதிகளை, அதாவது தள்ளுபடி எவ்வளவு, கடன் வரம்பு எப்படி என்பவற்றை, முடிந்தவரை நம் சேவையில் வைத்துக்கொண்டு நீட்சியில் காட்சியையும் அழைப்பையும், முன்பு சொன்ன தடுக்கும் சோதனையையும் மட்டும் வைப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

ஒருவருக்கா, பலருக்கா

இதே இணைப்பை நூறு நிறுவனங்களுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் தராசு நீட்சியின் பக்கம் சாயும். சந்தையில் பட்டியலிடுவது, ஒரே பட்டனில் நிறுவுவது, அனுமதி கேட்கும் திரை, புதிய பதிப்பை எல்லோருக்கும் அனுப்புவது ஆகியவை அங்கே ஆயத்தமாகக் கிடைக்கின்றன. பதிலுக்குப் பரிசோதனைகளைத் தாண்ட வேண்டும்: சேல்ஸ்ஃபோர்ஸில் ஏபெக்ஸ் நிரலின் 75 சதவீதமாவது சோதனைகளால் தொடப்பட்டிருக்க வேண்டும், அதன் சந்தையில் வைக்கப் பாதுகாப்பு மதிப்பாய்வும் உண்டு. ஜோஹோவில் வாடிக்கையாளர்கள் வெவ்வேறு தரவு மையங்களில் இருப்பார்கள். இந்தியக் கணக்கு இந்திய மையத்தில், ஐரோப்பியக் கணக்கு ஐரோப்பிய மையத்தில். ஒரு மையத்தில் பெற்ற டோக்கன் (ஏபிஐயைப் பயன்படுத்துவதற்கான அனுமதிச் சீட்டு) இன்னொன்றில் செல்லாது என்பதால், முகவரியை நிரலில் நிலையாக எழுதாமல், டோக்கனோடு வரும் ஏபிஐ முகவரியையே பயன்படுத்த வேண்டும்.

ஒரே ஒரு நிறுவனத்துக்கென்றால் இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். சிஆர்எம்மில் இரண்டு மூன்று டெலூஜ் செயற்கூறுகளும் ஒரு விட்ஜெட்டும், பின்னால் ஒரு சிறிய சேவையும் போதும். அந்த நிறுவனத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லையென்றால், நீட்சிக்குள் அடங்கும் அளவுக்கு வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதும் நேர்மையான ஆலோசனைதான்.

யாருடைய பெயரில் ஓடுகிறது

ஜோஹோவில் ஒரு முறை பெற்ற அணுகல் டோக்கன் ஒரு மணி நேரம் செல்லும். அதன்பின் புதுப்பிப்பு டோக்கனைக் கொடுத்துப் புதியதைப் பெற வேண்டும். ஜோஹோவுக்குள் ஓடும் டெலூஜ் செயற்கூறு கனெக்‌ஷன் என்ற வசதியைப் பயன்படுத்தினால் இந்தப் புதுப்பிப்பைத் தளமே பார்த்துக்கொள்ளும். நம் சேவையில் இருந்தால் நாமே செய்ய வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிய டோக்கன் கேட்காமல், பெற்றதைச் சேமித்து வைத்துப் பயன்படுத்த வேண்டும்.

இதைவிட முக்கியமானது, அந்த டோக்கன் ஒரு குறிப்பிட்ட பயனரின் அனுமதியில் பெறப்பட்டது என்பதுதான். அமைக்கும் அன்று யார் உள்நுழைந்திருக்கிறாரோ அவர் பெயரில்தான் இணைப்பு ஓடும். பதிவுகளைத் திருத்தியவர் என்று அவர் பெயரே நிற்கும். அவர் வேலையை விட்டுப் போய், கணக்கு முடக்கப்பட்ட அன்று இணைப்பு நின்றுவிடும். ஆகவே முதல் நாளே இணைப்புக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கச் சொல்லுங்கள். தேவையான உரிமைகளை மட்டும் அதற்குக் கொடுத்து, கடவுச்சொல்லை மீட்கும் மின்னஞ்சல் தனிநபருடையதாக இல்லாமல் நிறுவனத்துடையதாக இருப்பதை உறுதிசெய்து, எந்த மென்பொருளில் எந்தக் கணக்கின் கீழ் எந்த இணைப்பு ஓடுகிறது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, கணக்குப் பிரிவின் தலைவரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.